பிளஸ் டூ முடித்தாயிற்று: டயட்டீஷியனா, சுகாதாரக் கல்வியா? (சேலம்)

தறிவீட்டுப் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். கொண்டலாம்பட்டிப் பக்கம். அப்பா தறி ஓட்டுகிறார். பயாலஜி குரூப் எடுத்தேன், நீட் கிடைக்கவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போக வீட்டில் பணமும் இல்லை, எனக்கு மனசும் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு அக்கா உட்காரவைத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். "மூணு இட்லி போதும்மா, சாம்பார்ல காயை அள்ளிப் போட்டுக்குங்க" என்றார். டாக்டர் சொன்னதெல்லாம் அம்மாவுக்கு மறந்துவிட்டது, இது மட்டும் நிற்கிறது. அந்த வேலைக்குப் போகலாமா என்று அப்போதிருந்தே யோசனை.

ஆறு மாதம் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தால் டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்று அண்ணன் ஒரு விளம்பரம் அனுப்பினான். அது செல்லுமா? ஆஸ்பத்திரி தவிர, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வேலை இருக்கிறதா?

ஐந்துரோடு டயட்:
அண்ணனிடம் அந்த விளம்பரத்தை அழிக்கச் சொல்லுங்கள். துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. டயட்டீஷியன் வேலையும் அதற்குள் அடக்கம். அதை வைத்துத்தான் 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), ஊட்டச்சத்துப் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்தியது. ஆகவே கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும்.

முதலில் பி.எஸ்சி. நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ். அப்புறம் எம்.எஸ்சி. பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, கோவை போக முடிந்தால் அவினாசிலிங்கம். அதன்பிறகு ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி முடித்து, இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தேர்வு எழுதலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆர்.டி. இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஆரம்பச் சம்பளம் கம்மிதான், ஒளிக்க ஒன்றுமில்லை. வேலையும் நினைப்பதுபோல் இருக்காது. காலையில் கிச்சனில் நின்று எந்த ட்ரே எந்த வார்டுக்கு என்று சரிபார்ப்பதிலேயே பாதிப் பொழுது போகும். டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் கணக்குப் பார்த்துச் சாப்பாடு அனுப்பியிருப்போம். பார்க்க வந்த மாமா, உடம்புக்குக் குளிர்ச்சி என்று வாசலில் இளநீர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார், அதில் பொட்டாசியம் அதிகம். அவரிடம் சண்டை போடாமல் பேசத் தெரிய வேண்டும்.

ஏற்காட்டு அக்கா:
கண்ணு, நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். அங்கன்வாடித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேர்வராயன் மலைக் கிராமங்கள்தான் என் எல்லை.

இங்கே கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் கொடுப்போம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அட்டை பிரிக்காமல் கூரையில் செருகிக் கிடக்கும். கேட்டால் சிரிப்பார்கள், பதில் வராது. அடுப்படியில் உட்கார்ந்து கதை பேசினால்தான் விஷயம் வரும்: மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயம். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே "கறுப்பாத்தான் போகும், அது இரும்போட நிறம்" என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசிப் பேர் சாப்பிடுவார்கள். அடுத்த தொல்லை காப்பி. காப்பித் தோட்டத்து ஊர், மாத்திரை விழுங்கிய கையோடு ஒரு டம்ளர் வரக்காப்பி! இரும்பு உடம்பில் சேராமல் அது தடுத்துவிடும். காப்பியை விடு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி, மாத்திரையோடு ஒரு நெல்லிக்காய் கடி என்றால் கேட்பார்கள். நீ கேட்கிற சுகாதாரக் கல்வி என்பது இதுதான்.

குழந்தைக்கு ஊட்டம் போதுமா என்று மேல்கையில் சுற்றி அளக்கும் கைச்சுற்றளவு நாடாவும் அப்படித்தான். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. படிக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அழுகிற குழந்தையின் கையில் நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே பச்சை காட்ட வேண்டிய நாடா மஞ்சள் காட்டிவிடும். கை பழகணும்.

படிப்பு என்றால், டிகிரி முடித்துவிட்டு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துச் சுகாதார நிறுவனத்தில் சுகாதாரக் கல்விக்கான டிப்ளமோவைப் பார். சி.டி.பி.ஓ. (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்) வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு, உணவு-ஊட்டச்சத்துப் பட்டம் உள்ளவர்களும் எழுதலாம். அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், அதை மட்டும் நம்பி உட்காராதே.

தறிவீட்டுப் பெண்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி டயட் மேடம். கோவை ஹாஸ்டல் செலவு தாங்காது. சேலத்திலேயே பி.எஸ்சி. சேர்ந்தால் பின்னால் குறையாகப் பார்ப்பார்களா?

ஐந்துரோடு டயட்:
பார்க்க மாட்டார்கள். நானும் இங்கேதான் படித்தேன். பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள். இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

ஏற்காட்டு அக்கா:
ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா கண்ணு? அப்படியென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கச் சொல்வார்கள், ஆதாரும் பேங்க் கணக்கும் இப்போதே சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்.