பெர்லினை நோக்கி ஜுக்கோவும் கோனெவும்: போட்டியா, தலைமையா?

கேள்வி:
1945 ஏப்ரலில் நடந்த பெர்லின் போரைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். சோவியத் தளபதிகளான மார்ஷல் ஜுக்கோவையும் மார்ஷல் கோனெவையும் ஸ்டாலின் வேண்டுமென்றே மோதவிட்டார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்தப் போட்டி இருந்ததால்தான் நகரம் அவ்வளவு விரைவில் வீழ்ந்தது என்று இன்னொரு சாரார் வாதிடுகிறார்கள். தளபதிகளுக்குள் போட்டியை மூட்டிவிடுவதைத் தலைமைப் பண்பு என்று கொள்ளலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
மோதவிட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் மாஸ்கோவில் நடந்த கூட்டத்தில், இருவரின் படைகளுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை வரைபடத்தில் இழுத்துக்கொண்டே வந்த ஸ்டாலின், பெர்லினுக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லுப்பென் நகரத்தோடு பென்சிலை நிறுத்திவிட்டார். அதற்கப்பால் முந்துகிறவருக்கே நகரம் என்று கோனெவ் பொருள் கொண்டார்.

அதன் விலையை, பெர்லினுக்குக் கிழக்கே ஜெர்மானியர் காத்து நின்ற ஸீலோ மேடுகளில் வீரர்கள் கொடுத்தார்கள். 16ஆம் தேதி விடியுமுன் ஜுக்கோவ் 143 தேடொளி விளக்குகளை எரியவிட்டுத் தாக்குதலைத் தொடங்கினார். பீரங்கி வீச்சில் எழுந்த புகையிலும் புழுதியிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவருடைய வீரர்களின் கண்களையே கூசச் செய்தது. காலாட்படை மேட்டைப் பிடிக்கும்வரை காத்திராமல் டாங்கிப் படைகளையும் அன்றே இறக்கினார். சேறும் கால்வாயுமான நிலத்தில் கிடந்த சில சாலைகளில் எல்லாம் நெருக்கியடித்து நின்றுவிட, மேடுகளைக் கடக்க 19ஆம் தேதி ஆயிற்று.

இரண்டாம் பதில்:
முந்தைய நண்பரின் கருத்தை ஓரளவுக்குத்தான் ஏற்க முடிகிறது. தேடொளித் திட்டம் ஜுக்கோவின் சொந்த யோசனை; அதைப் போட்டியின் தலையில் கட்டுவது முறையன்று. அதே காலையில் கோனெவ், வெளிச்சத்துக்குப் பதிலாகப் புகைத்திரையை மூடிக்கொண்டு நைஸே ஆற்றைக் கடந்தார். நிலத்தையும் எதிரியையும் பார்த்து எடுத்த முடிவு அது. டாங்கிகளை அவசரப்பட்டு இறக்கியதில் மட்டும் போட்டியின் நிழல் இருக்கிறது. மறுநாளே கோனெவின் டாங்கிப் படைகளைப் பெர்லின் பக்கம் திருப்ப ஸ்டாலின் அனுமதித்தது, ஜுக்கோவை மேலும் விரட்டத்தான் பயன்பட்டது. இவ்வளவுக்குப் பிறகு, 23ஆம் தேதி வகுத்த புதிய எல்லைக்கோடு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரெய்க்ஸ்டாகை ஜுக்கோவின் பக்கமே விட்டது! நகருக்குள் புகுந்துவிட்ட கோனெவின் ஆட்கள் மேற்கே விலக வேண்டியதாயிற்று.

மூன்றாம் பதில்:
இருவரையும் பிறவிப் பகைவர்களாகக் காட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது. 1941 அக்டோபரில் மாஸ்கோவுக்கு மேற்கே உள்ள வியாஸ்மாவில் கோனெவின் படைகள் சுற்றிவளைக்கப்பட்டபோது, அவரை விசாரணைக்கு நிறுத்த ஸ்டாலின் முனைந்தார். அவருக்காகப் பரிந்து பேசி, அவரைத் தம் துணைத்தளபதியாகவே வைத்துக்கொண்டவர் ஜுக்கோவ். அந்த வாரங்களில் அப்படிப்பட்ட விசாரணை பெரும்பாலும் துப்பாக்கி முனையில்தான் முடியும்.

கேட்டவருக்கு என் பதில் இதுதான்: ஒருவர் உயிரைக் காத்து அவரை மீண்டும் களத்தில் நிற்க வைத்ததைத் தலைமை என்பேன், எல்லைக்கோட்டைப் பாதியில் நிறுத்தியதை அப்படிச் சொல்ல மாட்டேன். பெர்லின் நடவடிக்கையில் மட்டும் சோவியத் தரப்பில் 78,000க்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள். போட்டியின் கசப்பும் அங்கே தீரவில்லை. 1957இல் ஜுக்கோவ் பதவி நீக்கப்பட்டபோது, சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி நாளேடான பிராவ்தாவில் அவரைக் கடுமையாகச் சாடி வெளிவந்த கட்டுரையின் கீழே இருந்த பெயர் கோனெவ்.