இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு கிரீன் டீ குடிக்கிறேன், இது சரியா?

பூவரசி:
வணக்கம். இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு நான்கு கப் கிரீன் டீ குடித்து வருகிறேன். எடை குறையும், சர்க்கரை கட்டுப்படும், புற்றுநோயே வராது என்று பார்க்கிற இடமெல்லாம் சொல்கிறார்கள், அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. அது போகட்டும், என் கவலை வேறு. எனக்கு இரத்தசோகை இருக்கிறது, மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன், போன வாரம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 10.4-லேயே நிற்கிறது. மதியம் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, உடனே சூடாக ஒரு கப் கிரீன் டீ, இதுதான் என் வழக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? அப்புறம் என் கணவர், டீயைவிட கிரீன் டீ கேப்சூல் வீரியமானது என்று ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி:
சம்பந்தம் இருக்கிறது சகோதரி. முதல் வேலையாக அந்த மாத்திரையையும் டீயையும் பிரித்துவிடுங்கள், இன்றைக்கே. தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பாலிபீனால்கள் வயிற்றுக்குள் இரும்போடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது, அப்படியே வெளியே போய்விடும். கீரை, பருப்பு மாதிரி தாவர உணவில் இருக்கும் இரும்புக்கும் மாத்திரையில் இருக்கும் இரும்புக்கும்தான் இந்தத் தொல்லை அதிகம். இறைச்சியில் இருக்கும் இரும்பு வேறு வடிவத்தில் இருப்பதால் அவ்வளவாகப் பாதிக்காது. பால் டீக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சாதாரண டீயும் காபியும் இதே வேலையைத்தான் செய்யும்.

எனக்கும் இதே கதை நடந்தது. ஒரு வருடம் மாத்திரை விழுங்கியும் ஏறாமல், கடைசியில் ஒரு மருத்துவர்தான் "மாத்திரையை எதோடு போடுகிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்கவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம், மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட்டேன், மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போட்டேன், மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் ஒன்று, உங்களுக்கு டீ மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, குடலில் எங்கேயாவது கசிவு, இப்படி வேறு காரணங்களும் இருக்கலாம். மூன்று மாதம் மாத்திரை எடுத்தும் ஏறவில்லை என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அகல்விளக்கு:
எடை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நடந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து காக்ரேன் என்கிற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 2012-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. கிரீன் டீயால் குறையும் எடை மிகக் கொஞ்சம், உடல்நலத்துக்குப் பயன்படுகிற அளவுக்கு இல்லை என்பதுதான் அதன் முடிவு. அதனால் ஒரு கிலோகூடக் குறையவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. புற்றுநோய் பற்றி 2020-ல் அதே குழு பார்த்தபோதும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருந்தன. தடுக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. இதயத்துக்குத்தான். ஜப்பானில் மியாகி மாகாணத்தில் 40,530 பேரைப் பதினொரு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஓசாகி ஆய்வு 2006-ல் வெளிவந்தது. தினமும் ஐந்து கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களையும் ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களையும் ஒப்பிட்டால், மொத்த இறப்பு ஆண்களில் 12 சதவீதமும் பெண்களில் 23 சதவீதமும் குறைவாக இருந்தது. முக்கியமாக இதயநோய், பக்கவாதம் இவற்றால் வரும் இறப்புகள் குறைந்திருந்தன. புற்றுநோய் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், குடிக்க வைத்துச் சோதித்தது இல்லை, அதனால் டீதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குடிக்க வைத்துச் சோதித்த ஆய்வுகளிலும் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைகிறது, அதனால் நான் இதை ஒதுக்கிவிட மாட்டேன். சர்க்கரைக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இனிப்பு பானம் குடித்த இடத்தில் சர்க்கரை போடாத கிரீன் டீ வந்தால் அதுவே பெரிய லாபம். என்னைக் கேட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே குடிக்கலாம்.

தும்பை:
கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறீர்களா? கசப்பு அதில்தான் வருகிறது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 70, 80 டிகிரியில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள். ஆற்றிக் குடிப்பது இன்னொரு விதத்திலும் நல்லது. 65 டிகிரிக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொல்லியிருக்கிறது.

கல்தூண்:
யாரும் கேப்சூலைப் பற்றிப் பேசவில்லையே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. சகோதரி, அந்த டப்பாவைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். கிரீன் டீயில் பேசப்படும் முக்கியமான பொருள் ஈ.ஜி.சி.ஜி. என்கிற கேட்டகின், அதுவும் ஒரு வகைப் பாலிபீனால்தான். பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கிவிடுவதால் அது கெடாமல் நிற்கிறது. அதே இலையை ஆக்சிஜனேற்றம் ஆக விட்டால் கருப்பு டீ. சாதாரணமாக டீயாகக் குடிக்கும்போது ஒரு நாளைக்கு 90 முதல் 300 மில்லிகிராம் வரைதான் ஈ.ஜி.சி.ஜி. உள்ளே போகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. கேப்சூலில் அதைச் சாறெடுத்துச் செறிவாக்கி அடைக்கிறார்கள். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ கேப்சூலாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் உயர்வதை, அதாவது கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறியை, 2018-ல் அதே ஆணையம் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் விழுங்கினால் இன்னும் அதிகமாக இரத்தத்தில் ஏறும்.

என் உறவினர் ஒருவர் உடம்பு இளைக்க என்று இதை எடுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். நிறுத்திய பிறகு கல்லீரல் தேறியது, நல்ல வேளை. டீயாகக் குடிப்பதில் எனக்கு எந்தப் பயமும் இல்லை, நானே குடிக்கிறேன்.

வீட்டில் யாராவது இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுத்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு டீ கொடுங்கள். நடோலால் என்கிற மாத்திரை இரத்தத்தில் சேரும் அளவை கிரீன் டீ வெகுவாகக் குறைக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று நிறையக் குடிக்க ஆரம்பிக்கக் கூடாது.

பூவரசி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேப்சூல் குப்பைக்குப் போய்விட்டது, கணவரும் கல்தூண் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறேன். இன்னொரு சந்தேகம், மதியம் டீயை விட்டால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்பது மணிக்குக் குடிக்கலாமா?

நெடுவழி:
வேண்டாம் சகோதரி, தூக்கம் கெடும். ஒரு கப்பில் சுமார் 30 மில்லிகிராம் காஃபின் இருக்கும், காபியைவிடக் குறைவுதான், ஆனாலும் குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி உடம்பிலேயே இருக்கும். காலை பதினொரு மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, இந்த இரண்டு கப் போதும். மாத்திரையை இரவுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், மாற்றிவிட்டால் டீயும் மாத்திரையும் மோதவே மோதாது. அடுத்த பரிசோதனையில் எவ்வளவு ஏறியது என்று வந்து சொல்லுங்கள்.