டாக்டர் முடிவு செய்ய வேண்டியதை என்னிடம் ஏன் கேட்கிறார்?

பொறுமைசாலி:
மகளுக்கு ஏழு வயது, லேசான ஆஸ்துமா. டாக்டர் இரண்டு வழி சொன்னார். தினமும் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர். இல்லையென்றால், வீசிங் வந்து, உடனே மூச்சை எளிதாக்கும் நீல இன்ஹேலர் எடுக்கும் போதெல்லாம் கூடவே ஸ்டீராய்டும். "எது ஒத்துவரும் என்று பாப்பாவிடமும் பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்கிறார். படித்தவர் அவரா நானா? நாளைக்கு ஏதாவது ஆனால் "நீங்கள் கேட்டதுதானே" என்று கைகழுவத்தான் இந்த ஏற்பாடு.

இரவுப்பணி:
குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன் சார். அவர் உங்களிடம் நுரையீரலைப் பற்றிக் கேட்கவில்லை, உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறார். காலை அவசரத்தில் பஃப் கொடுப்பது யார்? பிள்ளை ஸ்பேசரை, அதாவது இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் டப்பாவை, வாயில் வைக்க விடுகிறாளா? இதெல்லாம் எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. "தினமும் தவறாமல் கொடுக்கிறோம்" என்பார்கள். இன்ஹேலரின் பின்னால் மீதி பஃப்களைக் காட்டும் எண்ணைப் பார்த்தால் 120-இல் பாதிகூட இறங்கியிருக்காது. அது தெரியாமல் டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

பொறுமைசாலி:
சரி, இரண்டில் எது நல்லது என்று அவருக்குத் தெரியுமல்லவா? அதைச் சொல்லிவிட்டுப் போகலாமே.

இரவுப்பணி:
சொல்லத்தான் வேண்டும். 6 முதல் 11 வயதுக்கு, அடிக்கடி தொந்தரவு இருந்தால், ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி தினசரி ஸ்டீராய்டைத்தான் முதலில் வைக்கிறது. மற்றது மாற்று வழி. சேர்ந்து முடிவெடுப்பது என்றால் டாக்டர் வாயை மூடிக்கொள்வது என்று அர்த்தமில்லை. தன் பரிந்துரையைச் சொல்லாமல் உங்களை அனுப்பியிருந்தால் அது அவர் பக்கம் குறைதான்.

எதிர்க்கேள்வி:
அக்கா, கேட்க நன்றாக இருக்கிறது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே பாதிப் பெற்றோருக்கு உதறுகிறது. அவர்களிடம் "எது பிடிக்கும்" என்றால் மருந்து குறைவாக இருப்பதைத்தான் காட்டுவார்கள். பயத்தை விருப்பம் என்று எழுதிக்கொள்வதா?

இரவுப்பணி:
கேட்டால்தானே தம்பி பயம் வெளியே வரும்? வந்தால் பதில் சொல்லலாம். 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு புடெசோனைடு என்ற இன்ஹேலர் ஸ்டீராய்டை வருடக்கணக்கில் தினமும் கொடுத்து, வளர்ந்த பிறகு அளந்து பார்த்தார்கள். சராசரியாக உயரம் 1.2 சென்டிமீட்டர் குறைவு, அவ்வளவுதான். அதை முகத்துக்கு நேரே சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். மறைத்தால் ராத்திரி போனில் தேடிப் படித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் நிறுத்துகிறார்கள். "ஸ்டீராய்டு இல்லாத மாத்திரை" என்று நிம்மதியாக வாங்கும் மாண்டிலுகாஸ்டுக்குத்தான், மனநிலை, நடத்தை மாற்றங்களுக்காக அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் கடுமையான எச்சரிக்கை போட்டது. அதைக் கேட்டு யாரும் உதறுவதில்லை!

அப்புறம், கட்டுக்குள் வராத ஆஸ்துமாக்காரர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. சேர்ந்து முடிவெடுத்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள்.

எதிர்க்கேள்வி:
அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள். தன் மூச்சுக்குத் தானே முடிவெடுப்பது வேறு. இங்கே முடிவு அப்பாவுடையது, மூச்சு பிள்ளையுடையது.

பழைய இழுப்புக்காரி:
அதனால்தான் பிள்ளையையும் கேட்கச் சொல்கிறார்கள். சின்ன வயதில் என்னை ஒருவரும் கேட்டதில்லை. மாஸ்க்கின் ரப்பர் வாடை எனக்குக் குமட்டும். அம்மா பஃப் அழுத்தும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, மாஸ்க்கை எடுத்ததும் விடுவேன். மருந்து கொடுத்த திருப்தி அவளுக்கு, தப்பித்த திருப்தி எனக்கு. ஏழு வயதுக் குழந்தையிடம் டோஸைக் கேட்க வேண்டாம். மாஸ்க்கா, வாயில் வைக்கும் குழாயா என்று கேளுங்கள். பல் தேய்க்கும் முன்பு எடுக்கிறாயா என்று கேளுங்கள், வாயும் கொப்பளித்த மாதிரி ஆகும்.

எதிர்க்கேள்வி:
விலா உள்ளிழுத்து, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் பிள்ளை திணறும்போதும் கருத்துக் கேட்பீர்களா?

இரவுப்பணி:
அப்போது யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, எந்த நிலையில் என்ன செய்வது என எழுதிய திட்டத்தில் சிவப்புக்கு என்ன இருக்கிறதோ அதைச் செய்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அந்தத் தாளை நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும். சார், உங்களிடம் அந்தத் தாள் இருக்கிறதா?

பொறுமைசாலி:
இல்லை, தரவில்லை. அடுத்த முறை கேட்டு வாங்குகிறேன். தினசரி என்றே சொல்லப் போகிறேன். மூன்று மாதம் நன்றாக இருந்தால் குறைக்க முடியுமா என்றும் கேட்கிறேன். ஆனால் பரிந்துரை அவருடையது என்று சீட்டில் எழுதித் தரட்டும். அந்த விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை.