இளைஞர் குழுவுக்குப் படகு மையம்: பாதிப் பணம் சேர்ந்துவிட்டது, வேலையைத் தொடங்கலாமா?

நீர்க்காகம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு இளைஞர் படகுக் குழுவின் செயலாளர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. 12 வயதிலிருந்து 18 வயது வரை 40 பிள்ளைகள் வருகிறார்கள். கயாக் பத்து, துடுப்புப் படகு மூன்று, ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகு நான்கு, எல்லாம் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடியில் இருப்பது வேண்டுமென்றால் மேலே உள்ள ஐந்தையும் இறக்க வேண்டும், தண்ணீரில் கால் வைப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். உடை மாற்ற இடம் இல்லை. ஒருத்தி துண்டைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி மாற்றுகிறாள். போன வருடம் நின்றுவிட்ட மூன்று பெண் பிள்ளைகளும் சொன்ன காரணம் அதுதான்.

அதனால் புதிய மையம் கட்ட இரண்டு வருடமாக நிதி திரட்டுகிறோம். பிள்ளைகள் துடுப்பு மெஷினில் 24 மணி நேரம் மாறி மாறி உட்கார்ந்து இழுத்தார்கள், பழைய பொருள் விற்பனை நடத்தினோம், ஒரு அறக்கட்டளை கணிசமான தொகை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. எஸ்டிமேட்டில் பாதி வந்துவிட்டது. வரைபடமும் தயார்: கீழே படகுகள், மேலே கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஹால், தண்ணீரைப் பார்த்தபடி பால்கனி.

இப்போது குழுவுக்குள் இரண்டு கட்சி. அஸ்திவாரத்தைப் போட்டுவிடுவோம், சுவர் எழும்புவதைப் பார்த்தால் மீதிப் பணம் தானாக வரும் என்கிறது ஒன்று. முழுத் தொகையும் கையில் வந்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும் என்கிறது இன்னொன்று. நடுவில் நான். கட்டி முடித்தவர்கள், கட்டத் தொடங்கி மாட்டிக்கொண்டவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

முன்னாள்_பொருளாளர்:

முதல் கட்சி சொல்வதை நாங்கள் செய்து பார்த்தோம் ஐயா. சுவர் எழும்பியது, பணம் எழும்பவில்லை. லிண்டல் மட்டத்தில் பதினான்கு மாதம் நின்றது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியெல்லாம் துருவேறி, அடுத்து வந்த கான்ட்ராக்டர் அதில் ஒரு பகுதியை இடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார், இடிப்பதற்கும் பில் போட்டார். பாதியில் நிற்கும் கட்டடத்தைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன். நிலம் யாருடையது? குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் பாக்கி? பெரிய நிதி கொடுக்கிறவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள், ஐந்தாறு வருடத்தில் நிலச் சொந்தக்காரர் எழுந்து போகச் சொன்னால் கட்டடம் அவருக்குத்தானே போகும். அடுத்தது, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? உங்கள் குழு முறையாகப் பதிவான அமைப்பாக இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் குழு என்று ஒன்று இல்லாமலும் போகலாம், கையெழுத்துப் போட்ட மனிதர்தான் கடன்காரர். எங்கள் பழைய தலைவர் இதைக் கேட்டதும் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம் ரசீது. "படகு மையம் கட்ட" என்று சொல்லி வாங்கிய பணத்தில் ஒரு துடுப்புகூட வாங்கக் கூடாது, தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். திட்டம் நடக்காமல் போனால் அந்தப் பணம் என்ன ஆகும் என்று ரசீதிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சம்மதம் கேட்க வேண்டி வரும். அறக்கட்டளையின் கடிதத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மீதிப் பணத்தை நீங்கள் காட்டினால்தான் தருவோம், வேலை நடந்த பிறகு பில்லுக்கு எதிராகத்தான் தருவோம், இந்தத் தேதிக்குள் தொடங்காவிட்டால் இல்லை, இப்படி ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். பில்லுக்கு எதிராக என்றால் முதல் மூன்று மாதச் செலவை நீங்கள்தான் தாங்க வேண்டும். எஸ்டிமேட்டுக்கு மேல் 15 சதவீதமாவது எதிர்பாராத செலவுக்கு என்று தனியாக வையுங்கள். தண்ணீர் ஓரத்து மண் என்ன செய்யும் என்று தோண்டினால்தான் தெரியும்.

கை_காய்த்தவன்:

பொருளாளர் காகிதத்தைச் சொல்லிவிட்டார், நான் படகைச் சொல்கிறேன். வரைபடத்தில் ஹால், பால்கனி, கண்ணாடி எல்லாம் இருக்கிறது, சரி, தண்ணீருக்கு எப்படி இறங்குவீர்கள்? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்த்த வரைக்கும் எல்லாக் குழுவும் இதே தப்பைத்தான் செய்கிறது, கட்டடத்துக்குக் கடைசிக் காசு வரை செலவழித்துவிட்டுப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்குகிறார்கள். படகைத் தண்ணீருக்குள் இறக்கும் சாய்தளமும், ஏறி இறங்க மிதவை மேடையும்தான் படகு மையம், மற்றதெல்லாம் அதற்குப் போட்ட கூரை.

சாய்தளம் 12 முதல் 15 சதவீதச் சரிவில் இருந்தால் நல்லது. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ட்ரெய்லர் ஆளை இழுத்துக்கொண்டு போகும், தட்டையாக இருந்தால் படகு மிதக்கும் ஆழம் வருவதற்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பீர்கள். கான்கிரீட்டை வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள், குறுக்கே பள்ளக்கோடு போடச் சொல்லுங்கள், பாசி பிடித்த பிறகு அந்தக் கோடுதான் காலைத் தாங்கும். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடமென்றால் நிலையான மேடை வேண்டாம், மிதக்கும் மேடைதான். அதுவும் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும், கயாக்கில் உட்காருகிற பிள்ளை மேலிருந்து குதிக்கக் கூடாது.

அடுத்தது கதவு. ஒற்றை ஆள் பந்தயப் படகு 14 கிலோதான், ஆனால் 8 மீட்டர் நீளம். எட்டுப் பேர் படகு 17 மீட்டருக்கும் மேல். கதவுக்கு வெளியே படகின் நீளத்தைவிட அதிகமாகத் திறந்த இடம் இல்லாவிட்டால் படகு நேராக வெளியே வந்து திரும்ப முடியாமல் நிற்கும். இன்று உங்களிடம் நீளப் படகு இல்லைதான், நாளைக்கு யாராவது ஒன்றை நன்கொடையாகக் கொடுப்பார்கள். இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை.

கட்டி முடிக்கும்வரை 20 அடி கன்டெய்னர் ஒன்று வாங்கிப் போடுங்கள், கொட்டகை பிரச்சினை நாளைக்கே தீரும். ஒரு எச்சரிக்கை. உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர், ஆப்டிமிஸ்ட்டின் நீளம் 2.36. குறுக்கே அடுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு வாங்கினோம், ஒரே ஒரு சென்டிமீட்டர். நாலு பேர் நின்று அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீளவாக்கில்தான் வைக்க முடிந்தது. மேலேயும் கீழேயும் காற்றுத் துளை போடுங்கள், ஈர லைஃப் ஜாக்கெட்டை உள்ளே தொங்கவிட்டால் கூரையிலிருந்து மழை மாதிரிச் சொட்டும். மோட்டார் படகுக்கான பெட்ரோலை அதற்குள் வைக்காதீர்கள், அதற்கு வெளியே தனிப் பெட்டி.

பதினேழு:

அண்ணா, நான் உங்கள் பிள்ளைகள் வயதுதான். எங்கள் மையம் கட்டும்போது நிதி திரட்ட எங்களைக் கூப்பிட்டார்கள், போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், வரைபடத்துக்குக் கூப்பிடவில்லை. விளைவு, உடை மாற்றும் அறை மாடியில் இருக்கிறது. சொட்டச் சொட்ட நனைந்த 20 பேர் படியேறிப் போய், அதே படியில் இறங்கி வரணும். முதல் மாதமே ஒருத்தன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மேலே ஹாலில் யார் இருக்கிறார்கள் தெரியுமா, பெரும்பாலும் யாரும் இல்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். வரைபடத்தைச் சுண்ணாம்புக் கோடாகத் தரையில் நிஜ அளவில் போட்டு, பிள்ளைகளை ஒரு படகைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். எங்கே முட்டுகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நின்றுபோன அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும் என்று கேளுங்கள்.

நிதிக்கு ஒரு ஐடியா: நாங்கள் ப்ளைவுட்டில் ஒரு படகு கட்டி ஏலம் விட்டோம். பலகைகளைச் செம்புக் கம்பியால் துணி தைப்பது மாதிரித் தைத்து, இணைப்பில் எபாக்சிப் பசையும் கண்ணாடி இழை நாடாவும் ஒட்டுவது. 1962-ல் வடிவமைத்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகு இந்த முறையில்தான் பிரபலமானது. ஆப்டிமிஸ்ட்டும் 1947-ல் கிளார்க் மில்ஸ் ப்ளைவுட் பலகை அளவுக்குள் சிறுவர்களுக்காக வரைந்ததுதானே. ஏலத்தில் வந்த பணத்தைவிட, நாலு மாதம் வாசலில் அது வளர்வதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து விசாரித்தவர்கள்தான் அதிகம். அதில் ஒருவர் எலெக்ட்ரீஷியன், வயரிங் முழுக்க இலவசமாகச் செய்து கொடுத்தார்.

கரை_காவல்:

@பதினேழு சொன்னது சரி. என் பங்குக்கு ஒரு கசப்பு. கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க ஆள் வரும், லைஃப் ஜாக்கெட்டுக்கு வராது. நான் போய்ப் பார்த்த ஒரு குழுவில் புதுக் கட்டடம் பளபளக்கிறது, ஜாக்கெட்டுகளில் பாதிக்கு வார் இற்றுப்போயிருந்தது. 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள ஜாக்கெட் நீந்தத் தெரிந்தவருக்கு உதவி, அவ்வளவுதான், மயங்கியவரை முகம் மேலே வரும்படி அது திருப்பாது. 100, 150 நியூட்டன் வேறு வகை. எந்தத் தண்ணீருக்கு எது என்று முடிவு செய்து அதையும் அந்த எஸ்டிமேட்டுக்குள்ளேயே எழுதுங்கள், மீட்புப் படகு, பயிற்சியாளர் சான்றிதழ் செலவு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து. 1912-ல் இங்கிலாந்தின் ஷெப்பி தீவை ஒட்டி சாரணர் படகு கவிழ்ந்து 9 சிறுவர்கள் இறந்தார்கள். கூடப் போனவர்கள் பொறுப்பானவர்கள்தான், காற்று கேட்கவில்லை.

நீர்க்காகம்:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகத் தம்பிக்கு. பொருளாளர் ஐயா, குத்தகை இன்னும் 7 வருடம்தான். கையெழுத்து என் அப்பாவுடையது! எனக்கே நேற்று இரவுதான் உறைத்தது. நிலச் சொந்தக்காரரிடம் 25 வருடத்துக்குப் புதுப்பிக்கக் கேட்டிருக்கிறோம், குழுவைப் பதிவு செய்யும் வேலையும் தொடங்கிவிட்டது. அறக்கட்டளைக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன், பில்லுக்கு எதிராகத்தான் தருவார்கள்.

இன்று மாலை மைதானத்தில் கோடு போட்டோம். கயாக்கைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் நேராக மாடிப்படி வரவேண்டிய இடத்தில் முட்டினார்கள். பால்கனியை எடுத்துவிட்டால் மிதவை மேடைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று வரைபடக்காரரிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன். இரண்டு கட்சியும் இப்போது சேர்ந்து என்னைத் திட்டுகிறது.

கை_காய்த்தவன்:

பால்கனி போனால் போகட்டும். மிதவை மேடை எத்தனை மீட்டர் என்று கணக்கு வந்ததும் இங்கே போடுங்கள், நங்கூரம் எப்படிப் போடுவது என்று பேசுவோம்.