ஒரே கூடத்தில் மூன்றாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும்: எழுதக் கற்பிப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ஊர்ப் பொதுக்கூடத்தில் மாலை ஆறு மணி முதல் ஏழரை வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருப்பவன். வருகிற 17 பேரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் உண்டு, பத்தாம் வகுப்பு மாணவியும் உண்டு. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் இருவரும் தேர்வு நெருங்கினால் வந்து அமர்கிறார்கள்.

கணக்கும் வாசிப்பும் ஒருவாறு நடக்கின்றன. எழுதச் சொன்னால்தான் திணறல். சிறியவர்கள் பலகையில் உள்ளதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவார்கள். தாமாக ஒரு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். பெரியவர்களோ உரைநூலில் உள்ள கட்டுரையை முன்னுரை முதல் முடிவுரை வரை நெட்டுருப் போட்டு எழுதுகிறார்கள். சென்ற வாரம் தண்ணீரைப் பற்றி எழுதச் சொன்னேன். பெரிய பிள்ளைகள் ஒன்பது பேரும் ‘நீரின்றி அமையாது உலகு’ என்றே தொடங்கினார்கள். அன்று காலையில்தான் எங்கள் வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் வந்திருந்தது, அவர்களில் பாதிப்பேர் அதில் குதித்துவிட்டுத்தான் வகுப்புக்கே வந்திருந்தார்கள், ஆனால் அந்த வாய்க்காலைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் எழுதவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பாடம் நடத்த இயலாது. எங்கே தொடங்குவது, பிழைகளை எந்த அளவுக்குத் திருத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை:

தம்பிக்கு வணக்கம். முதலில் வகுப்பு எண்ணை மறந்துவிடுங்கள். 2022இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தார்கள். பெயர் வைக்காமல் எங்களில் பலர் அதற்கு முன்பும் அதைத்தான் செய்துவந்தோம். நேற்று நடந்ததை ஐந்து வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்தே வராதவர், சொல் மட்டும் வருபவர், வாக்கியம் வந்தும் தொடர்ச்சி வராதவர், தொடர்ச்சியாக எழுதுபவர் என்று அவர்களே பிரிந்துவிடுவார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டாவது குழுவில் வந்து நின்றால் வியப்படைய வேண்டாம்.

எழுத்து வராதவர்களுக்கு ‘ட’, ‘ப’ போன்ற கோட்டெழுத்துகளில் தொடங்கி வடிவ ஒற்றுமை பார்த்துச் சொல்லிக்கொடுங்கள். அது சில வாரங்களில் முடிந்துவிடும் வேலை. கடினமான இடம் அதற்கடுத்தது. பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். எழுதுவதற்கு முன் பிள்ளை பேச வேண்டும். அது ‘நேத்து ஆத்துல தண்ணி வந்துச்சு’ என்று சொன்னால் அதை அப்படியே பலகையில் எழுதுங்கள், அதையே படிக்கச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் பலகையில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து என்பது என்னவென்று விளங்கிவிடும். பிறகு அதன் பக்கத்தில் ‘நேற்று ஆற்றில் தண்ணீர் வந்தது’ என்று எழுதுங்கள். முதல் வரி தவறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் அவற்றை வீட்டுப் பேச்சு, ஏட்டுப் பேச்சு என்று சொல்லிவந்தேன். நேத்து நேற்றாகிறது, ஆத்து ஆற்றாகிறது, காத்து காற்றாகிறது என்று பத்துச் சொற்களைப் பார்த்தால், றகரம் எங்கே வரும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒரு பையன் அந்த உற்சாகத்தில் ‘பத்து ரூபாய்’ என்பதையும் ‘பற்று ரூபாய்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். எனக்கு அன்று கோபம் வரவில்லை. விதியைப் பிடித்துக்கொண்டவன்தான் அந்தப் பிழையைச் செய்ய முடியும்.

சிறியவர்களின் தாளில் ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழைக்கு மேல் தொடாதீர்கள். ஒற்றுப்பிழையை அறவே விட்டுவிடலாம்.

குடந்தைத் தமிழாசிரியர்:

அம்மா சொன்ன பிரிவினை சரி. குழுவுக்கு ஒரு பொருள் வேண்டாம் என்பது என் கருத்து. பதினேழு பேருக்கும் வாய்க்கால் தண்ணீரே பொருளாக இருக்கட்டும்.

வாக்கியம் எழுதத் தெரிந்து தொடர்ச்சி வராத நடுக்குழுவுக்கு, அவர்கள் எழுதிய வாக்கியங்களையே இணைக்கக் கொடுங்கள். ‘தண்ணீர் வந்தது. அப்பா மடையைத் திறந்தார். தண்ணீர் நாற்றங்காலில் பாய்ந்தது.’ இந்த மூன்றையும் ஒன்றாக்கச் சொன்னால் பலர் ‘தண்ணீர் வந்து அப்பா மடையைத் திறந்து’ என்று எழுதிவிட்டு, ஏதோ இடறுகிறது என்று தாமே நிற்பார்கள். அங்கேதான் பாடம் இருக்கிறது. ‘வந்து’, ‘திறந்து’ போன்ற எச்சங்கள் பெரும்பாலும் முடிக்கும் வினையின் எழுவாயையே தமக்கும் கொள்பவை. ‘வந்ததும்’, ‘திறக்க’ போன்றவை வேறு எழுவாய்க்கும் இடம் கொடுப்பவை. ஆகவே ‘தண்ணீர் வந்ததும் அப்பா மடையைத் திறக்க, அது நாற்றங்காலில் பாய்ந்தது’ என்று வாக்கியம் நேராகிறது. இலக்கணப் பெயர்களைச் சொல்லாமலேயே இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டிவிடலாம். தமிழில் நீண்ட வாக்கியம் எழுதும் திறமையில் பெரும்பங்கு எச்சங்களைக் கையாளும் திறமையே. அதைச் சொல்லிக்கொடுக்காமல் ‘விரிவாக எழுது’ என்று சொல்லிப் பயனில்லை.

அடுத்து, அந்தத் தண்ணீர் வந்த வழியை எழுதச் சொல்லுங்கள். வழக்கமான ஆண்டில் ஜூன் 12ஆம் நாள் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. வெண்ணாற்றில் வருவது உங்கள் ஊர்ப் பக்கத்து மூணாறு தலைப்பில், அதாவது நீரைப் பிரித்துவிடும் மதகுகளில், மறுபடியும் மூன்றாகிறது. இந்த வரிசையை மாற்றி எழுதவே முடியாது. பத்திகளை எதன் பின் எதை வைப்பது என்று உபதேசம் செய்வதைவிட, ஆற்றின் போக்கிலேயே எழுதவிடுவது எளிது.

ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு ஒரு மனு. வாய்க்காலைத் தூர்வாரக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் உண்மையிலேயே கொடுக்கும்படியான மனு. எந்த வாய்க்கால், எந்த மதகிலிருந்து எதுவரை, எப்போதிலிருந்து அடைந்திருக்கிறது, யாருக்கு என்ன இழப்பு, என்ன செய்ய வேண்டுகிறோம் என்பவற்றில் ஒன்று விடுபட்டாலும் மனு நிற்காது. படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் அலங்காரச் சொற்கள் தாமாக உதிரும்.

திருத்துவதற்கு நன்னூலில் பவணந்தியார் சொன்ன பத்துக் குற்றங்களை நான் பயன்படுத்துகிறேன். நூலுக்குச் சொன்ன இலக்கணம்தான். நான்கு பத்திக் கட்டுரைக்கும் பொருந்துகிறது. ஒரு வாரம் ‘கூறியது கூறல்’ மட்டும், மறுவாரம் ‘மற்றொன்று விரித்தல்’, அதாவது எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, மட்டும் என்று மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் பார்த்துக் குறிப்பார்கள். உங்கள் ஒன்பது பேரின் தொடக்கம் ‘வெற்றெனத் தொடுத்தல்’, பொருளில்லாமல் வெறும் சொற்களைக் கோப்பது. குறளின் மேல் குற்றமில்லை. ஓரிடத்தில் அம்மாவுடன் மாறுபடுகிறேன். ஒற்றுப்பிழையைக் கடைசிவரை தள்ளிவைத்தால் பத்தாம் வகுப்பில் திருத்த நேரமிருக்காது. அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும், ஐ, கு என்னும் உருபுகளுக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்பதை மட்டுமாவது ஐந்தாம் வகுப்பில் தொடங்கிவிட வேண்டும்.

திருவாரூர்த் தந்தை:

எல்லாம் நல்ல யோசனைகள்தாம். ஆனால் என் மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வில் முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள் இல்லாமல் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். வாய்க்காலைப் பற்றி எழுதிப் பழகுவதால் அவளுக்கு என்ன பயன்?

குடந்தைத் தமிழாசிரியர்:

ஐயா, சட்டகத்தைக் கைவிடச் சொல்லவில்லை. உட்தலைப்பு இருக்கட்டும், குறளும் இருக்கட்டும்; அவற்றின் கீழே வருவது அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான். படித்து வைத்த தலைப்பு வராவிட்டால் நெட்டுருப் போட்ட பிள்ளை எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பதைத் தேர்வறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தஞ்சைக் கல்லூரி ஆசிரியர்:

கல்லூரிக்கு வரும் மாணவர்களின் குறை பெரும்பாலும் இலக்கணக் குறையன்று. இணையத்தில் கிடைப்பதை எடுத்து வைப்பதே எழுதுவது என்று நினைக்கிறார்கள். அந்த இருவரை, ஒரு கட்டுரையைப் படித்து, மூடி வைத்துவிட்டு, ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, நேரடி விதைப்பை விரும்பும் ஒரு விவசாயியையும் நடவே மேல் என்னும் ஒருவரையும் கேட்டுவந்து, அந்த இருவரும் ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்பும்படி எழுதட்டும். தம் கருத்து அதற்குப் பின்னரே. முதல் வரைவில் நான் பிழை திருத்துவதில்லை, ஓரத்தில் கேள்விகளை மட்டும் எழுதுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் தாள் முழுவதும் சிவப்பு மையால் நிரப்புவேன். மாணவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பெரிய பிள்ளைகளைச் சிறியவர்களுக்கு எழுத்தர்களாக உட்கார வைக்கலாம். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாயால் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள், உ.வே.சாமிநாதையர் அவரிடம் பாடம் கேட்டவர். இங்கே சொல்பவர் சிறியவர், எழுதுபவர் பெரியவர், அதுதான் மாறுதல்.

வெண்ணாற்றங்கரை:

மிக்க நன்றி. நான்கு மாலைகள் முயன்றுவிட்டு எழுதுகிறேன். எழுத்தர் யோசனையை முதலில் செய்தோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ‘தண்ணி வந்தப்ப நண்டு ஓடுச்சு’ என்று சொல்ல, எழுதிய பத்தாம் வகுப்பு மாணவி ‘நண்டு ஓடியது’ என்று எழுதிவிட்டாள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று சிறியவள் சண்டைக்கு வந்துவிட்டாள். அம்மா சொன்னபடி இரண்டு வரிகளையும் தாளில் அருகருகே வைத்துக்கொண்டோம்.

மனு வேறிடத்தில் நிற்கிறது. அந்த வாய்க்கால் நீர்வளத் துறையைச் சேர்ந்ததா, ஊராட்சியைச் சேர்ந்ததா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாளை மூன்று பேர் ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்கப் போகிறார்கள்; ஆகவே வரும் திங்கட்கிழமைக்கு மனு ஆகாது, அடுத்த வாரம்தான். அதில் உள்ள ஒற்றுப்பிழைகளை நானே திருத்திவிடவா, அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவா என்று குடந்தை ஐயா சொல்ல வேண்டும்.