வாசலுக்கு வந்த தகரக்காரர்

அயர்லாந்தின் கால்வே மாவட்டத்திலிருந்து ஒரு செவிலியர்:

நான் பணிபுரியும் முதியோர் இல்லத்தில், தொண்ணூறை நெருங்கும் ஒரு மூதாட்டி தம் சிறுவயதுத் தகரக் குவளை ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். அதில் இப்போது சீப்பும் மூக்குக்கண்ணாடியும் கிடக்கின்றன. அதைச் செய்து கொடுத்த குடும்பம், ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த 'டிராவலர்' சமூகத்தைச் சேர்ந்தது; கோடைதோறும் குதிரை பூட்டிய கூண்டு வண்டியில் வந்து சாலையோரம் தங்குமாம். கணவர் புல்லில் அமர்ந்து ஓட்டை விழுந்த பால் வாளிகளுக்குப் புது அடி வைத்துக் கொடுக்க, மனைவி ஊசி, நூல், புனிதர் படங்கள் நிரம்பிய கூடையுடன் வீடு வீடாக வருவாராம். கூலியாகப் பெரும்பாலும் உருளைக்கிழங்கும் பாலும் ஒரு துண்டு உப்பிட்ட பன்றியிறைச்சியும் போகும். பக்கத்து ஊர்களின் சாவும் திருமணமும் அந்தக் கூடையோடுதான் வந்து சேர்ந்தன என்றார்.

அவர்களை விரும்பி வரவேற்றீர்களா என்று கேட்டேன். "வாளி ஓட்டையாக இருந்தவரை வரவேற்றோம்" என்றார். வண்டி கிளம்பியதும் அவருடைய தாயார் கோழிகளை எண்ணிப் பார்ப்பாராம். பின்னர் பிளாஸ்டிக் வாளி வந்தது. தகர வேலை போயிற்று.

டப்ளினில் படிக்கும் ஒரு மாணவர்:

1937 முதல் அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் அலைந்து திரிவோரும் ஒரு தலைப்பு. ஆனால் நான் படித்த பக்கங்கள் யாவும் வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே நின்றவர்களைப் பற்றிச் சொன்னவை.

அந்தக் குறை மனத்தில் இருந்ததால், அக்டோபரில் நடக்கும் பாலினஸ்லோ குதிரைச் சந்தைக்குப் போனேன். உள்ளங்கையில் உள்ளங்கையை அறைந்து விலை முடிந்ததும், விற்றவர் 'லக் பென்னி' என்று ஒரு சிறு தொகையை வாங்கியவரிடமே திருப்பித் தருகிறார். அப்படி விற்று முடித்த டிராவலர் இளைஞர் ஒருவரிடம், தகர வேலைக்காரரைக் குறிக்கும் 'டிங்கர்' என்ற பழைய சொல்லை அறியாமல் பயன்படுத்திவிட்டேன். அது இன்று வசைச்சொல் என்றும், தங்கள் மொழியில் தாங்கள் 'மின்கேரி' என்றும் அமைதியாகத் திருத்தினார். அயர்லாந்து அரசு டிராவலர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றுக்கொண்டதே 2017 மார்ச் 1 அன்றுதான்.

தம் பாட்டியும் வீடுகளைப் பற்றி நிறையச் சொல்வார் என்றார் அவர்: எந்த வாசலில் நாயை அவிழ்த்து விடுவார்கள், எந்த வாசலில் தேநீர் கிடைக்கும் என்று.