வீடு தேடி வரும் மாத்திரையா, ஊரிலேயே இருக்கும் நர்ஸா?

கரிசல்காட்டான்:
கிராமத்து வைத்தியம் என்றாலே டாக்டர் இல்லை, கட்டடம் இல்லை என்றுதான் பேசுகிறோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் அந்தப் பேச்சை மாற்றிவிட்டது. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்கள் அதிகம். சுகர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை இலவசம்தான், ஆனால் கூலியை யார் கொடுப்பார்? அதனால்தான் பாதியில் விட்டுவிடுவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களைப் பற்றிய 2020 ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. இப்போது தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார். குறைந்த செலவில் இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

மலைக்காட்டுவாசி:
உங்கள் ஊருக்கு அது சரி. எங்கள் மலையில் உயிர் போவது வேறு காரணத்தால். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, தாய் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினார். அந்த வீட்டுக்கு மாதாமாதம் மாத்திரைப் பை போயிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

கரிசல்காட்டான்:
அந்தத் தாயை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அது சாலைப் பிரச்சினை நண்பரே. அதற்காக இந்தத் திட்டத்தைக் குறை சொல்வது நியாயமா?

மலைக்காட்டுவாசி:
சாலை மட்டும் இல்லை. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி, சமவெளியில் 5,000. காகிதத்தில் சலுகை மாதிரி தெரியும். ஆனால் அந்த 3,000 பேர் இருப்பது ஒரே ஊரில் இல்லை, மலை முழுக்கச் சிதறிய குக்கிராமங்களில். கிராம செவிலியர் ஒருவர் எத்தனை குன்று ஏறி இறங்குவார்? ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தால் டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு முன்பே வந்து தங்க மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறை கட்டியது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் மூத்த பிள்ளைகளையும் ஆட்டையும் விட்டுவிட்டு இரண்டு வாரம் அங்கே போய் உட்கார எத்தனை பெண்களால் முடியும்?

மருந்தாளுநர்:
இருவரும் தொடாத ஒன்று. மருந்து இருப்பதால்தான் இந்த விவாதமே நடக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகுதான் மொத்தக் கொள்முதல், தரப் பரிசோதனை, மாவட்டக் கிடங்கு எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் உள்ள தொகைக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தான் வரை இதைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

ஆனால் கரிசல்காட்டான் அண்ணா, ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன்னார்வலரால் மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், அதே மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். வாசலுக்கு மாத்திரை வருவதாலேயே டாக்டரைப் பார்ப்பதை நிறுத்தியவர்கள் உண்டு.

கரிசல்காட்டான்:
ஒப்புக்கொள்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அதற்காக வாசலுக்கு வருவதை நிறுத்தினால் பழையபடி மாத்திரையும் இல்லை, டாக்டரும் இல்லை.

தருமபுரியான்:
எங்கள் மாவட்டத்துச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-ல் அங்கே குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். வெளியூர் நர்ஸ் மலைக்கு வந்து தங்குவார் என்று காத்திருக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஆஸ்பத்திரியை நடத்தினார்கள். ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளர்களும் அங்கத்திய பெண்கள்தான். மாற்றல் கேட்டுப் போகாதவர் யார்? அந்த ஊரிலேயே வீடும் நிலமும் உள்ளவர்.

மலைக்காட்டுவாசி:
அதைத்தான் அரசு செய்யட்டும் என்கிறேன். மலைப் பெண்களை எடுத்து, நர்சிங் படிக்க வைத்து, சொந்த மலையிலேயே நிரந்தர வேலை கொடுக்கட்டும். ஊக்கத்தொகை கொடுத்துத் தன்னார்வலர் என்று பெயர் வைப்பது போதாது.

கரிசல்காட்டான்:
நிரந்தர வேலை என்பதில் நானும் உங்கள் பக்கம். எங்கள் ஊர்த் தன்னார்வலருக்கும் சேர்த்துக் கேளுங்கள். வெயிலில் தெருத்தெருவாக நடப்பது அவரும்தான்.